பாதிரியார் மரத்தருகே பதினாறு அங்குலம்

கடப்பாரையைத் தூக்கிக் குத்துகிறாள். டங். காது கொடுத்துக் கேட்கிறாள். நாலடி நடந்து மறுபடி ஒரு குத்து. டங். விடிந்ததிலிருந்து வெர்னாவுக்கு இதுதான் வேலை. உறைந்த ஏரியின் மேல், தீவிலிருந்து கரைக்கு மூன்று மைல். இடுப்பில் கட்டிய கயிற்றில் சறுக்குவண்டி இழுபடுகிறது. அதில் துளைபோடும் கருவி, அளவுகோல், ஃபிளாஸ்க் நிறையக் காபி. நல்ல ஐஸ் கடப்பாரையைத் திருப்பித் தள்ளும். கெட்டது வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஜனவரியில் தீவுக்காரர்கள் தூக்கிப் போடும் கிறிஸ்துமஸ் மரங்களைப் பொறுக்கி வந்து, ஐஸில் குழி பறித்து வரிசையாக நடுவதும் அவள்தான். வண்டிகளுக்கு அதுதான் பாதை. கிளையில் ஒட்டிய ஜரிகையைப் பார்த்தே யார் வீட்டு மரம் என்று சொல்லிவிடுவாள். காலையில் தீவுக் கடையில் அவள் வாசிக்கும் ஐஸ் செய்தியும் அந்தப் பெயர்களில்தான். "தபால்காரம்மா மரம் வரைக்கும் கல்லு மாதிரி இருக்கு. பாதிரியார் மரத்துகிட்ட வெடிப்பு, வலப்பக்கம் ஒதுங்கிப் போங்க."

பாதிரியாருக்கு இதில் மனத்தாங்கல். "வருஷா வருஷம் என் மரத்துகிட்டயேதான் வெடிக்கணுமாம்மா?"

"அடியில நீரோட்டம் சாமி. நீங்க ஜெபம் பண்ணி அத நிறுத்துங்க, நான் மரத்த மாத்தி நடறேன்."

வயது அறுபத்திரண்டு. ஏரிமேல் கார் ஓட்டும்போது பெல்ட் போடமாட்டாள், கதவையும் சாத்தமாட்டாள். கூட வருகிறவர் விறைத்துச் சாகலாம். முழுகிச் சாகக் கூடாது. அவள் மூடிய பாதையைத் திறக்கச் சொல்லி யார் வந்து நின்றாலும் பதில் ஒன்றுதான்: "என்கிட்ட ஏன் கேக்குற? ஐஸைக் கேளு."

இந்த வருடம் வந்து நின்றது சொந்தத் தம்பி ஆர்வில். இலையுதிர்காலத்தில் அவன் வீடு எரிந்துபோனது. அன்றிலிருந்து அவனும் அவனுடைய மூன்று நாய்களும் அவள் வீட்டில்தான். சோபாவை நாய்கள் தின்று முடித்துவிட்டன. புது வீட்டுக்கான மரச்சட்டமும் கூரைத் தகடும் ஏற்றிய லாரி கரையில் நிற்கிறது. இன்று கடக்காவிட்டால் இனி படகு ஓடும் மே மாதம்தான். அந்த லாரி வந்து சேர வேண்டும் என்று அவளைவிட ஆசைப்பட்டவர் தீவில் யாருமில்லை.

ஆனால் மூன்று நாளாக ஐஸை இளக்கும் தெற்குக் காற்று.

கரைப்பக்கத்திலிருந்து நடந்து வந்த ஆர்வில், பாதிரியார் மரத்தருகே தானே துளை போட்டு அளந்துவிட்டுக் காத்திருந்தான்.

"பதினாறு அங்குலம்க்கா! போன மாசம் இதே பதினாறுலதான டீசல் லாரிய விட்ட?"

"அங்குலம் இருக்குடா. ஐஸ் இல்ல."

"பயந்துட்டேன்னு சொல்லேன். வயசாயிடுச்சுன்னு சொல்லேன்."

வெர்னா கடப்பாரையை நீட்டினாள். "குத்து."

குத்தினான். டங் இல்லை, தொப். ஆத்திரத்தோடு மறுபடி குத்தினான். கட்டு அவிழ்ந்த மெழுகுவத்திகள் போல ஐஸ் நீள நீளமாகப் பிரிந்தது. ஏழாவது குத்தில் தண்ணீர் பொங்கி வந்து அவன் பூட்ஸைச் சுற்றிக்கொண்டது. அவன் ஓரடி பின்வாங்கினான். பிறகு கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்தான்.

"அப்ப மே மாசம் வரைக்கும் நாயெல்லாம் உன் சோபாவுலதான்க்கா."

"சோபாவா? அது எங்கடா இருக்கு?"

பாரம் ஒரே இடத்தில் விழாமல், இருவரும் பத்தடி இடைவெளி விட்டுக் கரைக்கு நடந்தார்கள். அங்கே முதல் மரத்தைப் பிடுங்கிப் பாதையின் குறுக்கே கிடத்தினாள். லாரி டிரைவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். ஆர்வில் லாரி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெர்னா கரையிலிருந்த கடைக்குள் போனாள். தோளில் இருபது கிலோ நாய்த்தீனி மூட்டையோடு வெளியே வந்தாள். அதைச் சறுக்குவண்டியில் இறுக்கிக் கட்டினாள். கயிற்றை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளமாக விட்டு, இடுப்பில் முடிந்துகொண்டாள்.