முதுகு காட்டாமல் நடத்திய கச்சேரி

நான் வாசிப்பது முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் புழங்கிய இசை. அதை அந்தக் காலத்து மரக்குழலில்தான் வாசிக்க வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்களின் பிடிவாதம். அரியலூரில் பள்ளிக்கூட பேண்டில் ஃப்ளூட் ஊதத் தொடங்கியவள், நெதர்லாந்து போய்ப் படித்தேன். பதினோரு வருடம் அங்கே நாலு வகைக் குழல் வாசித்தேன். போகப் போக, சின்னக் குழுக்களுக்கு முன்னால் நின்று கையசைத்து நடத்தவும் கற்றுக்கொண்டேன். கணவருக்கு அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்ததும் திரும்பி வந்துவிட்டோம். என்ன வேலை என்று யாராவது கேட்டால் குழல் வாசிக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஒரே ஒருமுறை கண்டக்டர் என்று சொல்லிவிட்டு, எந்த டெப்போ என்ற கேள்வியிலிருந்து மீள அரை மணி நேரம் பிடித்தது.

திரும்பி வந்த இரண்டாம் வருடம் ஒரு குழு சேர்த்தேன். தேவாலயத்தில் வயலின் வாசிக்கும் அக்கா தங்கை, ஒரு கீபோர்டுக்காரர், என்னிடம் குழல் பழகிய இரண்டு டீச்சர்கள், கல்யாண பேண்ட் செட்டில் டிரம் அடிக்கும் ஒருவர். டிரம்காரருக்கு நோட்டு படிக்கத் தெரியாது. ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார்.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியின் ஆண்டு விழாதான் எங்கள் முதல் மேடை. மத்தியானமே பஸ் பிடித்துப் போய் ஒத்திகை பார்த்தோம். எங்கள் சுருதி இப்போது வழக்கத்தில் இருப்பதைவிட ஒரு அரைச் சுரம் இறங்கியிருக்கும். கீபோர்டையும் அதற்கேற்ப இறக்கி வைத்திருந்தோம். மைக் செட்காரர் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் கேட்டார்.

"வோல்டேஜ் கம்மியா இருக்குங்க மேடம். பாட்டு எறங்குது."

அந்தக் காலத்துச் சுருதியே அதுதான் என்று விளக்கினேன். அவர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுப் போய், ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்து கீபோர்டுக்கு மாட்டினார்.

"இப்பக் கேளுங்க. ஏறிடுச்சு பாருங்க."

எதுவும் ஏறவில்லை. நன்றி சொன்னேன்.

அடுத்து கல்லூரி மேனேஜர் வந்தார்.

"நீங்க எங்கங்க மேடம் நிப்பீங்க?"

"இங்கதாங்க. இவங்களப் பாத்தாப்ல."

"அப்ப சீஃப் கெஸ்டுக்கு?"

"என் முதுகுதாங்க தெரியும்."

அவர் முகத்தில் ரத்தமில்லை. "போன வருஷம் ஒரு பொண்ணு பரதநாட்டியத்துல ரெண்டு நிமிஷம் திரும்பி ஆடுனதுக்கே பெரிய பேச்சாயிடுச்சுங்க. நீங்க கச்சேரி பூராவும்னா எப்படிங்க?"

உலகம் முழுக்க இப்படித்தான் நிற்பார்கள் என்றேன்.

"உலகத்துல நிக்கட்டும்ங்க. வேண்டாங்கல. சீஃப் கெஸ்ட் இங்கல்ல வர்றாரு?"

கை காட்டாமல் வாசிக்கலாமா என்று யோசித்தேன். வயலின் தங்கை பதறிவிட்டாள். அதற்குள் டிரம்காரர் வெளியே போய், தன் பைக்கின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கழற்றிக்கொண்டு வந்தார்.

"லாரிக்காரன் என்ன திரும்பித் திரும்பிப் பாத்தா ஓட்டுறான்? இத வச்சிக்குங்கக்கா."

என் நோட்டு ஸ்டாண்டின் இரு பக்கமும் கம்பியால் அவற்றைக் கட்டினோம். குழு எனக்குப் பின்னால் உட்கார்ந்தது. நான் சபையைப் பார்த்து நின்றேன். வலது கண்ணாடியில் வயலின்கள், இடதில் டிரம்மும் குழல்களும். கீபோர்டுக்காரர் எதிலும் தெரியவில்லை. அவரைக் கடவுளிடம் விட்டுவிட்டேன்.

சாயந்தரம் விழா தொடங்கியது. சீஃப் கெஸ்ட் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. முன் வரிசை நடுவில், பொன்னாடை மடியில் கிடக்க, என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தொடங்குவதற்காக இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

அவர் எழுந்து நின்றார்.

பக்கத்திலிருந்த தாளாளரும் எழுந்தார். பிறகு முன் வரிசை. பிறகு அரங்கம் மொத்தமும். இறை வணக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என எண்ணி, வாசிப்பைத் தொடங்கிவைத்தேன். மெதுவான இடம் வந்ததும் உள்ளங்கைகளைக் கீழ்நோக்கி இறக்கினேன். அவர் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஓசை உயர வேண்டிய இடத்தில் கைகளைத் தூக்கினேன். நாற்காலிகள் தடதடக்க எல்லோரும் எழுந்தார்கள்.

மூன்றாம் தடவைதான் எனக்கு உறைத்தது. கையை நிறுத்தினால் பாட்டு குலைந்துவிடும். தூக்கினால் கல்லூரியே எழுந்துவிடும். விரல்களை மட்டும் லேசாக அசைத்துப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கக் குறிப்பறிந்து நடந்த மனிதர் அவர். பாதி எழுந்து, முழங்கால் மடங்கிய நிலையில், என் அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் அப்படியே. போதாக்குறைக்கு, இந்தப் பழைய நடனப் பாடல்களில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு தடவை வரும். வலது கண்ணாடியில் வயலின் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் சீஃப் கெஸ்ட் மைக்கைக் கேட்டு வாங்கினார். மூச்சு வாங்கியது.

"எத்தனையோ விழா பாத்துட்டேங்க. உக்காந்து உக்காந்து இடுப்பு புடிச்சதுதான் மிச்சம். இன்னைக்குத்தான் மேடையில இருக்கவங்க நம்ம ஒடம்பப் பத்தி நெனச்சிருக்காங்க."

பலத்த கைதட்டல். பொன்னாடையை எனக்கே போர்த்தினார்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தேன். பதினோரு வருடம் வெளிநாட்டில் வாசித்தது இதற்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது. முன் சீட்டிலிருந்த டிரம்காரர் திரும்பினார்.

"எந்திரிச்சாங்க, வாஸ்தவந்தான். யாரும் வெளிய போவலையேக்கா."

அடுத்த வாரமே போன் வர ஆரம்பித்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா, ஓர் ஆலையில் பாதுகாப்பு வாரம். "அந்த எக்சர்சைஸ் மியூசிக்தானே நீங்க?" என்றார்கள். இரண்டையும் மறுத்தேன். பிறகு பெரம்பலூர் மைதானத்தில் காலை நடை போகிறவர்கள் சங்கத்தின் செயலாளர், ஒரு பை சின்ன வெங்காயத்தோடு அரியலூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இது எக்சர்சைஸ் பாட்டு இல்லீங்க. அந்தக் காலத்துல ராஜா ராணியெல்லாம் ஆடுறதுக்காக எழுதுனது" என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. ஆடுறதுக்கு எழுதுனத நீங்க ஏங்க உக்காத்தி வச்சி வாசிக்கிறீங்க?"

நெதர்லாந்தில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை.

இப்போது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு அந்த மைதானத்தில் வாசிக்கிறோம். ஐம்பது அறுபது பேர் டிராக் பேண்ட்டிலும் வேட்டியிலும் வரிசையாக நின்று, என் கையைப் பார்த்துக் கை கால் அசைக்கிறார்கள். தாளம் பிசகினால் அவர்களே முறைக்கிறார்கள். வெளிநாட்டில் எனக்கு வாய்த்த எந்தச் சபையும் இவ்வளவு கவனமாக என்னைப் பார்த்ததில்லை.

போன மாதம், ஓய்வுபெற்ற ஒரு தாலுகா ஆபீஸ் அம்மா என்னிடம் வந்தார்.

"மூணாவதா ஒண்ணு வாசிக்கிறீங்களே, அழுவுற மாதிரி. அதுக்கு எதைங்க அசைக்கணும்?"

"அதுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. சும்மா நிக்கலாம்."

மறுமுறை அந்தப் பாட்டு வந்தபோது அவர் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். பக்கத்தில் நாலைந்து பேரும் நின்றார்கள். ஒருவர் மட்டும் கைகளைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தோள்பட்டை வலி.