அமுக்குவானுக்கு ஒரு பெஞ்சு

டுடோரியலில் இங்கிலீஷ் எடுப்பது என்பது தூங்குகிறவர்களிடம் பேசிக்கொண்டே இருக்கிற வேலை. எண்பதுகளில் அரியலூரில் அதைத்தான் செய்தேன், சாக்பீஸ் பிடித்த உங்களுக்கு என் பாடு புரியும்.

பெண் குதிரை இல்லை

வகுப்பை எழுப்ப என்னிடம் இருந்த ஒரே வித்தை, சொல்லின் பூர்வீகத்தைக் கிளறுவது. அன்றைக்கு மாட்டியது 'நைட்மேர்'. "மேர்னா பெண் குதிரைன்னு எழுதித் தொலைக்காதீங்கய்யா. பழைய இங்கிலீஷ்ல 'மேரெ'ன்னா, தூங்குறவன் நெஞ்சுல ஏறி உக்கார்ற பேய். அதுக்கு முந்தி ஜெர்மானியத்துல 'மரோ'. அதுக்கும் முந்தின மூல பாஷையில 'மெர்'. தேய்ச்சு அழிக்கிறதுன்னு அர்த்தம் சொல்றாங்க" என்றேன்.

கடைசி பெஞ்சில் கோவிந்தராசு எழுந்தான். சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன். பத்தாவது பாஸ் பண்ணினால்தான் வேலை நிரந்தரம். "அது எனக்குத் தெனம் மத்தியானம் வருது சார்."

தலைமாட்டில் அரிவாள்

ஷிப்ட் முடிந்து வீட்டில் படுப்பான். கண் திறந்திருக்கும். வாசலில் பெண்டாட்டி முந்திரிக்கொட்டை உடைக்கிற சத்தம்கூடக் கேட்கும். கை கால் அசையாது, நெஞ்சில் பாரம். நம்ம ஊர் அமுக்குவானேதான். தலைமாட்டில் அரிவாள் வைத்தும் போகவில்லை. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் இறங்குமாம். பயத்தில் தூக்கத்தையே விட்டுவிட்டான். பரீட்சை நெருங்குகிறது, இவன் பாஸாவது எங்கே?

"மத்தியானம் இங்கயே பெஞ்சுல படு. நாங்க கூப்பிடுறோம்" என்றேன். வாசலில் நின்று கேட்ட கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட்டெண்டன்ஸ் எடுத்துப் பேய் ஓட்டுற ஆளை இப்பத்தான் சார் பாக்குறேன்."

இறங்கிய இடம்

தினமும் தூங்கினான். கண் திறந்து கூரையை வெறித்தால், மொத்த வகுப்பும் மெதுவாகக் "கோவிந்தராசு" என்னும். ஒருநாள் அப்படிக் கூப்பிட்டதும், நெஞ்சோடு அழுந்திக் கிடந்த அவன் சட்டை தானாக நிமிர்ந்தது. நான் பார்த்தேன்.

பாஸாகி, வேலையும் நிரந்தரமாகி, மிட்டாயோடு வந்தான். இப்போது வருகிறதா என்று கேட்டேன். "இல்லீங்க சார். அது இங்கயே இருந்துக்கிச்சு" என்று பெஞ்சைக் காட்டினான்.

அதற்கும் சிரித்த கணக்கு வாத்தியார், மறுநாள் சாப்பிட்டுவிட்டு அதே பெஞ்சில் சாய்ந்தார். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அவர் கண் என்மேலேயே நிலைகுத்தி நிற்கிறது. பதறிப்போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்து உட்கார்ந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டார். "கூப்பிட இவ்வளவு நேரமா சார்?"

அதன்பிறகு 'நைட்மேர்' வந்தால், 'கெட்ட கனவு' என்று போர்டில் எழுதிவிட்டு, கடைசி பெஞ்சைப் பார்க்காமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன்.