மூன்றாவது முயல்

மிக்சி பழுது பார்க்கும் கடையில் அவளுக்குக் கவுண்டர் வேலை. பையிலிருந்து மிக்சியை எடுத்து யாராவது மேஜையில் வைத்தால், அவள் முதலில் ஆளைத்தான் பார்ப்பாள். “கீழ போட்டீங்களா?” என்பாள். “இல்லையே, தானா நின்னுபோச்சு” என்பார்கள். “தானா நின்ன மிக்சிக்கு ஓரம் எப்படிங்க ஒடைஞ்சுது?” என்பாள். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். உள்ளே மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகள், “சி.ஐ.டி. ஆரம்பிச்சுட்டாங்கப்பா” என்று சிரிப்பார்கள். கடையில் அவளுக்கு அதுதான் பெயர். அந்த மெக்கானிக்குகளையும் அவள் நம்பியதில்லை. பழுது பார்த்துத் திரும்பும் மிக்சிக்குள் வேறு மோட்டார் உட்கார்ந்திருக்கிறதா என்று தானே ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைப்பாள். முதலாளிக்கு இதில் ஏகப்பட்ட திருப்தி. கட்டிக்கொண்டவன் பாடுதான் திண்டாட்டம். தலைவலி என்று அவன் படுத்தால் நெற்றியில் கை வைப்பாள். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், சரிபார்க்கிறாள்.

யாரும் பிறக்கும்போதே சந்தேகப் பிராணியாகப் பிறப்பதில்லை. ஆறு வயது வரைக்கும் யார் என்ன சொன்னாலும் இவள் நம்பினாள். அளவுக்கு மிஞ்சி நம்பினாள். வந்த வினையே அதுதான்.

அவளுடைய அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். எவ்வளவு பெரிய இன்ஜினையும் பிரித்துப் போட்டுவிடும் மனுஷனுக்கு மகள் அழுதால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. வீட்டில் பஞ்சு என்று ஒரு வெள்ளை முயல் இருந்தது. கதவிடுக்கில் சிக்கியதில் அதன் இடது காதில் ஒரு சின்னக் கிழிசல். ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் முயல் விறைத்துக் கிடந்திருக்கிறது. சாயங்காலம் அவள் வந்தபோது கூண்டுக்குள் வெள்ளையாக ஒரு முயல் இலையைக் கொறித்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் முழுசாக இருந்தன.

“அப்பா, காது?”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேம்மா. தைச்சு விட்டுட்டாங்க.”

“என்னைப் பார்த்து ஏன் ஓடுது?”

“மருந்து குடுத்தாங்கல்ல? பழசெல்லாம் மறந்திருக்கும். நீதான் சொல்லிக் குடுக்கணும். இதுதான் பஞ்சு. நல்லாப் பாரு.”

நல்லாப் பார்த்தாள், நம்பினாள். உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தாள். இது உன் பெயர், இது என் மடி, இந்த மூலையில் உனக்குக் கீரை வரும். கொஞ்ச நாளில் முயலும் கற்றுக்கொண்டது. மழைக்காலத்தில் அதுவும் போய்ச் சேர்ந்தது. அப்பா மறுபடி ஆஸ்பத்திரி என்றார். இந்த முறை பஞ்சு கொஞ்சம் இளைத்துப்போய் வந்தது. மறுபடியும் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.

உலகம் மொத்தமும் அப்பாவுக்குச் சாட்சி சொன்னது. சுவரில் வாலறுந்து ஓடிய பல்லிக்கு வேறு வால் முளைத்தது. அவளுக்கே முன்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்த்தது. ஆக, பழசாகிப்போனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், புதுசாகித் திரும்புகிறார்கள், கொஞ்சம் மறதி இருக்கும், அவ்வளவுதான் என்று அவள் தீர்மானித்திருந்தாள். ஆறு வயதுக்கு அது ஒன்றும் மோசமான கணக்கு இல்லை.

அதனால்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் அழவில்லை. “சீக்கிரம் போயிட்டு வா. எல்லாம் மறந்துட்டா நான் சொல்லித் தரேன்” என்றாள். அம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதது அவளுக்கு அநாவசியமாகப் பட்டது.

அம்மா இறந்த அன்று அவளைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டார்கள். வெட்டிப்போட்ட துணித்துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து விளையாடினாள். திரும்பி வந்து கேட்டபோது அப்பா, “அம்மா ஆஸ்பத்திரியில இருக்காம்மா” என்றார். முயலுக்கே உண்மை சொல்ல முடியாத மனுஷன், வேறென்ன சொல்வார்!

பிறகு சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. தூரத்து ஊரில் இருந்தவள். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்ததோடு சரி, இவளுக்கு நினைவில்லை. அதே மூக்கு, அதே குரல், உடம்பு மட்டும் இளைப்பு. அப்பா அவளை வாசலில் நிறுத்தி, “இனிமே இவங்கதான் உனக்கு அம்மா” என்றார். கூண்டுக்கு முன்னால் நின்று பேசிய அதே குரல். அவள் ஓடிப்போய் சித்தியின் காலைக் கட்டிக்கொண்டாள். எத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தாள்!

பார்த்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கியது. மூத்தாள் பிள்ளை என்ன ஆட்டம் ஆடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்த சித்திக்கோ தலைகால் புரியவில்லை. குழந்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டியது. “உப்பு இந்த டப்பாவுல இருக்கும்மா. இந்தக் குழாயை நீ இடது பக்கம் திருப்பணும், மறந்துட்டியா? இது உன் தலகாணி.” சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “என் பொண்ணு, என் பொண்ணு” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

ஒருநாள் இருவரும் கைகோத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள். ஓரத்தில் கூண்டுகளை அடுக்கி வைத்திருந்த கடைக்காரர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன பாப்பா, மூணாவது முயலாவது உசுரோட இருக்கா? ஒவ்வொரு தடவை செத்தப்பவும் இதே மாதிரி வெள்ளைதான் வேணும்னு உங்கப்பா என் உசுரை எடுத்துட்டாரு.”

சித்தி காய்கறிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை. குழந்தை அங்கேயே நின்றாள். மூணாவது என்றாரே. அப்படியென்றால் முதல் பஞ்சு எங்கே? அவள் மெதுவாக நிமிர்ந்து, தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே தையல்காரம்மாவிடம் ஓடினாள். “எங்க வீட்டுல இருக்கறவங்க யாரு?” அந்த அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே, “உங்கம்மாவோட தங்கச்சிடி, உனக்குச் சித்தி. இது தெரியாதா?” என்றாள். அப்பாவிடம் போய், “அம்மா எங்கே?” என்று கேட்டாள். அப்பா அழுதார். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே “அம்மா, நீ” என்பது “சித்தி, நீங்க” ஆனது. பிறகு மாறவே இல்லை. சித்தி கொடுத்த பாலை முகர்ந்து பார்த்துக் குடித்தாள். சித்தி தலைவாரிவிட்டால் கண்ணாடியில் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி வேறு பிள்ளை பெறவில்லை. பிற்காலத்தில் அப்பாவும் போன பிறகு போக்கிடம் இல்லாமல் இவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். இவளும் ஒரு குறை வைக்கவில்லை. மருந்து மாத்திரை, கண் கண்ணாடி எல்லாம் வேளாவேளைக்கு வாங்கிக் கொடுத்தாள். ஆனால் தன் மகள் அவளைப் பாட்டி என்று கூப்பிட ஆரம்பித்தபோது, “சின்னப்பாட்டி” என்று திருத்தினாள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமாம். சித்தி அதையும் மென்று விழுங்கினாள்.

மகளிடம் ஒரு ஆரஞ்சு நிற மீன் இருந்தது. பெயர் பட்டன். ஒரு சனிக்கிழமை கடை சீக்கிரமே மூடிவிட, மகள் டியூஷனிலிருந்து வருவதற்கு முன்பே இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே கண் மீன் தொட்டிக்குப் போனது.

“இது பட்டன் இல்ல.”

“பட்டன்தான். தண்ணி மாத்தினேன், அதான் பளிச்சுன்னு இருக்கு” என்றாள் சித்தி. முகத்தில் ஈயாடவில்லை.

“வால் ஓரம் பட்டனுக்கு வெள்ளையா இருக்கும். குப்பைக் கூடையில ஈர பிளாஸ்டிக் கவர் கிடக்கு. கடையிலேருந்து எப்ப வந்தீங்க சித்தி?”

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. “காலையில மேல மிதந்துட்டு இருந்துச்சு. புள்ள வந்து பார்த்தா அழுவாளேன்னுதான்…” என்று சித்தி இழுத்தாள்.

அவ்வளவுதான். இவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “அழட்டும்! செத்தா செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. மாத்தி வைக்காதீங்க! எத்தனை பேரைத்தான் இந்த வீட்டுல மாத்தி மாத்தி வைப்பீங்க?” என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து மகள் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

இவள் ஒளிக்கவில்லை. பட்டன் செத்துவிட்டது, இது வேறு மீன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மகள் கேவிக் கேவி அழுதாள். அழுகை ஓயும்வரை இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, கட்டிக்கொண்டவனிடம்கூடச் சொல்லாததை மகளிடம் சொன்னாள். மூன்று முயல்கள், ஆஸ்பத்திரி, பல்லி வால், புதுப்பல், வாசலில் இளைத்துப்போய் வந்து நின்ற அம்மா, கடைத்தெரு முயல்காரர். “அதனாலதான் சொல்றேன். யாரு என்ன சொன்னாலும் நெஜமான்னு கேளு. அம்மா உன்கிட்ட ஒருநாளும் பொய் சொல்ல மாட்டேன்.”

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்ப தையல்காரி ஒண்ணும் ஓதி விடலையா?” என்றாள் சித்தி.

“எந்தத் தையல்காரி?”

“அவ வீட்டுலேருந்து வந்துதானே நீ சித்தின்னு கூப்பிட்ட? என்னைப் பத்தி ஏதோ கோள் மூட்டிட்டான்னு நெனச்சேன். அவ சாகிற வரைக்கும் அவ மூஞ்சியில முழிக்கலடி நான்.” சித்தியின் குரல் உடைந்தது. “அப்புறம் என்மேலயே சந்தேகம் வந்துச்சு. கோவத்துல உன்னை எப்பவாவது அடிச்சுட்டேனா, ஏதாவது சொல்லிட்டு மறந்துட்டேனான்னு யோசிச்சுட்டே இருந்தேன். இன்னிக்கு வரைக்கும்.”

ஒரு குழந்தை எதற்காகக் கையை உருவிக்கொண்டது என்று தெரியாமலே ஒருத்தி கிழவியாகியிருக்கிறாள். இத்தனை வருஷமும் தான் மட்டும்தான் துப்புத் துலக்கிக்கொண்டிருந்ததாக இவள் நினைத்திருந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு” என்றாள் சித்தி. “வந்த புதுசுல என்மேல உசிரையே வெச்சிருந்தியே. உப்பு டப்பாவெல்லாம் காட்டிக் குடுத்தியே. அதெல்லாம் உங்கம்மான்னு நெனச்சுத்தானா? எனக்குன்னு கொஞ்சம்கூட இல்லையா?”

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான். சித்தி நாற்காலியின் கையைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களைத்தான் சித்தி” என்றாள் இவள். “கொஞ்ச நாள்லேயே தெரிஞ்சுபோச்சு, நீங்க வேற ஆளுன்னு. தெரிஞ்சுதான் பிரியமா இருந்தேன்.”

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அது போதும்” என்று எழுந்து உள்ளே போனாள். நம்பினாளோ என்னவோ, நடையில் ஒரு நிம்மதி இருந்தது.

மகள் அழுது வீங்கிய கண்ணோடு அம்மாவையே உற்றுப் பார்த்தாள்.

“நெஜமாம்மா?”