தொட்டியில் ஒரு கல்

குழாய்த் தண்ணீரை அப்படியே தவளைக் குஞ்சுகளின் தொட்டியில் ஊற்றமாட்டார் அவர். வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்து, மறுநாள் குனிந்து முகர்ந்து பார்ப்பார். மருந்து வாடை போயிருந்தால்தான் வாளியைத் தூக்குவார். "நம்ம வயிறு எதையும் தாங்கும். இதுங்க பச்ச மண்ணு" என்பார்.

பெண்கள் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளர். இருபத்தாறு வருட சர்வீஸ். மழை விட்டதும் குட்டையிலிருந்து தவளை முட்டைகளை அள்ளிவந்து, பிள்ளைகள் பார்க்கக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது அவர் பொறுப்பு. பிள்ளைகள் வைத்த பெயர் தவளைத் தாத்தா. காதில் விழுந்தால் கோபப்படமாட்டார். "தாத்தாங்கறதுதான் உதைக்குது. தவளைன்னா சரிதான்" என்பார்.

கொழகொழவென்ற கூழுக்குள் கடுகு கடுகாய்க் கறுப்புப் புள்ளிகள். ஒரு வாரத்தில் தலைப்பிரட்டைகளாகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வெந்த கீரையை நகத்தால் கிள்ளிப் போடுவார். சில வாரங்களில் பின்னங்கால். பிறகு ஒரு காலையில் பார்த்தால் முன்னங்கால். அன்றைக்கு அவர் முகம் சுண்டிப்போகும். செவுள் போய் நுரையீரல் வந்துவிட்டது என்று அர்த்தம். ஏறி உட்காரக் கல் வேண்டும். இல்லாவிட்டால் பிறந்து வளர்ந்த தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் செத்தன. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவர் மனைவி, "படி ஏறினா மூச்சு வாங்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "கேஸா இருக்கும், வெந்நீர் குடி" என்று இவரும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. முன்னங்கால் வரப் பத்து நாளாவது ஆகும் என்ற நினைப்பில் கல் வைக்காமல் போயிருந்தார். அந்த வருடம் பாழாய்ப்போன வெயில். அந்தச் சூட்டில் ஐந்தே நாளில் கால் வந்துவிட்டது. மனைவியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டுத் திரும்பியவர் கண்டது, தொட்டியடியில் காலை விரித்துக் கிடந்த முப்பது குஞ்சுகளை. வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், ஆய்வகத்து முக்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போதெல்லாம் முட்டைகளைத் தொட்டியில் விடும்போதே கல்லும் வைத்துவிடுகிறார்.

"முட்டைக்கு எதுக்குங்க கல்லு? ஏறி உக்காந்து காத்து வாங்கவா?" என்று விலங்கியல் டீச்சர் சிரிப்பார்.

"இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். அது என்ன சோறா கேக்குது?"

போன செவ்வாய்க்கிழமை, குஞ்சுகளுக்குப் பின்னங்கால் நன்றாக நீண்டிருந்த சமயம், வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்ற வழக்கமான பேச்சு. வைக்கப் போகும்போது சொன்னாள்:

"படி ஏறினா மூச்சு வாங்குதுப்பா. ஒண்ணுமில்ல, கேஸா இருக்கும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இப்பவே கிளம்பி வரேன். டாக்டரப் பாத்துடலாம்."

"ஐயோ, இதுக்குப் போயா? முன்னங்கால் வர்ற நேரமாச்சே, தொட்டிய விட்டு நகரமாட்டீங்களேப்பா!"

"அது கிடக்குது விடும்மா. நீ படி ஏறாத. கீழயே உக்காந்திரு. நான் வந்துடறேன்."

லீவு எழுதி டீச்சரிடம் நீட்டினார். பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். ஜன்னலோரம் கிடந்த இன்னொரு கல்லைக் கழுவி, முதல் கல்லை ஒட்டி, பாதி வெளியே தெரியும்படி வைத்தார். வைத்த அவசரத்தில் தண்ணீர் தளும்பி மேஜையில் வழிந்தது.

"ஏறிக்கோங்கடி, கண்ணுங்களா" என்றவர், கல் ஆடுகிறதா என்று ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு பஸ்ஸுக்கு ஓடினார்.