பச்சை பெயிண்ட் அடித்த இன்ஜின்

1. முதல் நாள் பாடம்

விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்த நான், இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தின வருஷம் திண்டிவனத்தில் ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். போர்டில் ‘இன்ஜினியர் வைத்திலிங்கம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். முதலாளி படித்த இன்ஜினியரிங், மரக்காணம் ரோட்டில் பத்து வருஷம் ஜட்கா ஓட்டியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. குதிரை தேறுமா தேறாதா என்று பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவார். மோட்டாருக்குப் பல் இல்லாததால், வண்டிக்காரரின் சட்டையைப் பார்த்துச் சொன்னார்.

முதல் நாளே எனக்குப் பாடம் நடந்தது.

“அருளப்பா, நல்லா கேட்டுக்க. ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கினு வர்றானா, இன்ஜின் அவுட்டு, வேற மாத்தணும். காலர் கிழிஞ்சவன் வர்றானா, ரிப்பேர் பண்ணிக்கலாம். அவ்ளோதான் தொழிலு.”

“தெறந்து பாக்க வாணாமா மொதலாளி?”

“தெறந்துட்டா அப்பறம் உண்மையச் சொல்லணும்டா. பேஜாரு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2. டாக்டரம்மா உட்கார்ந்த பெட்டி

யுத்தம் வந்ததும் கப்பலில் புது இன்ஜின் வருவது நின்றுபோயிற்று. ‘இன்ஜின் மாற்றுவது’ என்றால், செத்த வண்டியிலிருந்து எடுத்து, சாகப்போகிற வண்டியில் வைப்பது என்று அர்த்தமாகிவிட்டது.

அப்படி எங்களிடம் ஒரு இன்ஜின் இருந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டாக்சி, புளியமரத்தில் மோதி நொறுங்கியது. அதன் இன்ஜினை முதலாளி வாங்கிப் போட்டார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தவன் நான். மூன்றாவது சிலிண்டரில், வால்வு உட்காரும் இடத்திலிருந்து, ‘போர்’ என்று நாங்கள் சொல்லும் பிஸ்டன் ஓடும் துளை வரைக்கும் ஒரு விரிசல். நூல் அளவுதான். ஆனால் அந்த விரிசல் தண்ணீர் ஓடும் அறை வரைக்கும் இறங்கியிருந்தது. இன்ஜின் சூடானால் அது வாய் திறக்கும். முதலாளியிடம் காட்டினேன்.

“மூடு. பச்சை பெயிண்ட் அடி” என்றார்.

மூடினேன். அடித்தேன். இரண்டு கோட்டு.

அந்த வாரம் சுகந்தம் டாக்டரம்மாவின் கார் வந்தது. ஊரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தவர். பிரம்மதேசம், ஓமந்தூர் பக்கமெல்லாம் பிரசவத்துக்குத் தாமே காரை ஓட்டிக்கொண்டு போவார். அப்போதெல்லாம் அவர் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே அவர் காரின் நீலப் புகை நுழைந்துவிடும். பெட்ரோலை விட ஆயிலை அதிகம் குடித்தது வண்டி.

முதலாளி சோலா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, காரை ஒருமுறை சுற்றிவந்தார்.

“இன்ஜின் அவுட்டும்மா. நம்மகிட்ட ஒண்ணு கீது, புதுசு மாதிரி. ஜல்தியா மாட்டிக் குடுத்துடறேன்.”

“அவுட்டுன்னு எப்படித் தெரியும்?”

“சவுண்டுலயே தெரியுதேம்மா.”

“இருமல் சத்தத்தை வச்சு நான் டி.பி.ன்னு எழுதிக் குடுக்கறதில்லைங்க. திறங்க, பாக்கலாம்.”

முதலாளிக்கு வேறு வழியில்லை. நான் ஹெட்டைக் கழற்றினேன். டாக்டரம்மா ஒரு மரப்பெட்டியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சுலபமான வழி உண்டு. பிஸ்டன் ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் நுழைத்து, அதன் இரண்டு முனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளால் அளக்க வேண்டும். பிஸ்டன் உரசாத அடிப்பக்கத்தில் ஒரு அளவு வரும். தேய்ந்த மேல்பக்கத்தில் கூடுதலாக வரும். டாக்டரம்மா கேஜைக் கையில் வாங்கி நாலு சிலிண்டரையும் தாமே அளந்தார்.

“தேஞ்சிருக்கு. சரி. உடைஞ்சிருக்கா?”

“இல்லைம்மா. கிராங்க் ஷாஃப்ட் நல்லா கீது, சிலிண்டர் பிளாக்கும் நல்லா கீது. மெட்ராசுக்கு ரயில்ல அனுப்பி, துளையை வட்டமா கடைஞ்சு ரீபோர் பண்ணிக்கினு வந்துட்டு, பேரிங்குக்குப் புதுசா ஒயிட் மெட்டலை உருக்கி ஊத்தினா, இன்னும் பல வருஷம் ஓடும்.”

முதலாளி என்னை முறைத்தார். “அதுக்கு ஒரு மாசம் ஆவும்மா! அதுவரைக்கும் மாட்டு வண்டியிலயா போவீங்க?”

டாக்டரம்மாவின் முகம் மாறியது. முதலாளி சரியான இடத்தில்தான் அடித்திருந்தார்.

“போன வாரம் பிரம்மதேசத்துக்குப் போற வழியில இது நின்னுபோச்சு. நான் போய்ச் சேர்ந்தப்போ தாயைத்தான் காப்பாத்த முடிஞ்சுது” என்றார். பிறகு பச்சை இன்ஜினைப் பார்த்தார். “அப்ப இதையும் திறங்க.”

“ஐயோ, கேஸ்கெட் வீணாயிடும்மா! யுத்த காலத்துல எங்க போய் வாங்கறது?”

டாக்டரம்மா அவரோடு வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லுப்பா. உன் வீட்டுல ஒரு பிரசவம். நான் வரணும். என் கார்ல இதை மாட்டுவியா?”

அப்போது என் மனைவிக்கு ஏழாவது மாதம். அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதலாளி தொண்டையைக் கனைத்தார். எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை.

“மாட்ட மாட்டேம்மா. மூணாவது சிலிண்டர்ல விரிசல் கீது. நான்தான் மூடினேன்.”

டாக்டரம்மா பெட்டியை விட்டு எழுந்து, தம் பிளாக்கையே மெட்ராசுக்கு அனுப்பச் சொன்னார்.

டாக்டரம்மா ஒரு மாதம் மாட்டு வண்டியில் போனார். பிளாக் மெட்ராசிலிருந்து திரும்பியதும், ஒயிட் மெட்டல் ஊற்றி, ஷாஃப்டில் நீலச் சாயம் தடவி, ஒவ்வொரு பேரிங்கையும் உட்காரவைத்து, சாயம் ஒட்டிய மேடுகளை ஸ்கிரேப்பரால் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தினேன். ஊரில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னை விரட்டாமல் விட்டதற்கு அதுதான் காரணம், முதலாளியின் இரக்கம் அல்ல. வண்டி புகையில்லாமல் வெளியே போன மறுநாள் போர்டில் புதுசாக ஒரு வரி ஏறியிருந்தது: ‘இங்கே இன்ஜின் திறந்து காட்டப்படும்.’

3. மண்டிக்காரர்

பச்சை இன்ஜின் மூலையிலேயே கிடந்தது. பிறகு விழுப்புரத்திலிருந்து ஒரு மல்லாட்டை மண்டிக்காரர், அதாவது வேர்க்கடலை வியாபாரி, வந்தார். ஜரிகை அங்கவஸ்திரம், தங்கப் பித்தான். அவர் எதையும் திறக்கச் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“பச்சை நல்லா கீதே. இது ஃபேக்டரி கலரா?”

“சீமைக் கலருங்க” என்றார் முதலாளி.

நான்தான் மாட்டினேன். டிரையலுக்குப் போகும்போது, நான் சீட்டில் உட்கார்ந்தால் தீட்டு என்று மண்டிக்காரர் என்னை ஃபுட்போர்டில் நின்றுகொண்டு வரச் சொன்னார். அவர் வண்டியின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டவன் நான். அதற்குத் தீட்டில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, செஞ்சி ரோட்டின் புழுதியைத் தின்றுகொண்டே முடிவு செய்தேன்: இந்த ஆளுக்கு நான் சொல்லப் போவதில்லை. டாக்டரம்மா கேட்டார், சொன்னேன். இவர் கேட்கவில்லை. படட்டும்.

திரும்பி வந்ததும் “எப்டி கீது?” என்று கேட்டவர் மண்டிக்காரர் அல்ல, அவருடைய டிரைவர் கோவிந்தன்.

“ஓடும்” என்றேன்.

பத்து நாள் ஓடியது. சித்திரை வெயிலில் விழுப்புரத்துக்குப் போகிற வழியில் விரிசல் வாய் திறந்து, ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்திருக்கிறது. மண்டிக்காரர் இறங்கிப் போய் மர நிழலில் நின்றுகொண்டு, “ஜல்தி, ஜல்தி” என்றிருக்கிறார். கோவிந்தன் துணியைச் சுற்றி மூடியைத் திறந்தான். கொதிநீர் பீறிட்டு வலது கையும் கழுத்தும் வெந்துபோயின. மண்டிக்காரர் வேறு வண்டி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் பார்க்காமல் இன்ஜினைக் கெடுத்துவிட்டான் என்று கோவிந்தனை வேலையை விட்டும் நீக்கினார். அவர் மேல் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை.

கோவிந்தனைப் பார்க்க டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனேன். கழுத்தில் மருந்துத் துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். விரிசல் எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“சொல்லியிருந்தா, ஆறட்டும்னு நின்னுக்கினு இருந்திருப்பேனே அண்ணே” என்றான். “நான் கேட்டேனே.”

அந்த வாரமே வைத்திலிங்கத்தின் வேலையை விட்டேன். வீரம் ஒன்றுமில்லை. அந்தப் பச்சை பெயிண்ட் டப்பாவைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு விழுப்புரத்தில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். கை ஆறியதும் கோவிந்தனை அங்கே கூப்பிட்டுக்கொண்டேன். வந்தான். ஆனால் நான் முடித்த வேலை எதையும் தானே ஒரு தடவை சரிபார்க்காமல் வெளியே விடமாட்டான். கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தான். நானும் அதைத் தடுக்கவில்லை.

இப்போது மெக்கானிக் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். இன்ஜினைப் புதுப்பிக்கலாமா, மாற்றலாமா என்பதைத் திறந்து, அளந்து, பிறகு சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததை, கேட்டவருக்கும் சொல்லுங்கள், கேட்காதவருக்கும் சொல்லுங்கள், உங்களை ஃபுட்போர்டில் நிற்கவைத்தவருக்கும் சொல்லுங்கள். அந்த வண்டியை ஓட்டப்போவது அவரல்ல.