அத்தான் வளர்த்த பழ ஈக்கள்

என் அக்காவின் கணவர் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு, வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடி மெழுகில் ஈறு பிடித்துப் பல் வரிசை வைப்பார். அந்த வாய்களுக்கு உரியவர்களை அவர் பார்ப்பதே இல்லை. பேருந்தில் வயதானவர் யாராவது சிரித்தால் மட்டும் சற்றுக் குனிந்து உற்றுப் பார்ப்பார்.

"நம்ம வேலையான்னு பாத்தேன் மாப்பிள்ளை," என்பார் என்னிடம். "இல்லை. கடைவாய் சரியா உக்காரலை."

அவருடைய அலமாரியின் கீழ்த் தட்டுகளில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாய் பிளந்திருக்கும். மேல் தட்டில் பழ ஈக்கள். அகல வாய் பாட்டில்களில் மசித்த வாழைப்பழமும் ஓட்ஸும் கலந்த கூழ், பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் கொஞ்சம் வினிகர், மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட், ஈக்கள் ஏறி உட்காரக் கசக்கிப் போட்ட காகிதம். பாட்டிலின் வாயை நெருக்கமாக நெய்த துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். உள்ளே எள்ளளவு ஈக்கள். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிய துணுக்கு மட்டும் உள்ள இனம். அவற்றால் நடக்க முடியும், பறக்க முடியாது.

ஈக்கள் அவர் மகனுடைய மூன்று தவளைகளுக்காக. கட்டைவிரல் நகத்தளவே உள்ள தவளைகள். கண்ணாடித் தொட்டிக்குள் பாசியின் மேல் உட்கார்ந்திருக்கும். அசைகிற பொருளை மட்டுமே தின்னும். செத்த ஈ கண்ணெதிரே கிடந்தாலும் சீந்தாது. மகன் கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போனபோது இவற்றையும் பாட்டில்களையும் அப்பாவிடம் விட்டுப் போனான்.

அப்படி விட்டுப் போனதே எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அதற்கு முன் சில வருடங்களாக இருவருக்கும் பேச்சு அறுந்திருந்தது. தொழிலுக்கு வா என்று அத்தான் கூப்பிட்டபோது, "ஊரார் வாயைப் பாத்துப் பொழைக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டான். அத்தான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகு ஒரே வீட்டுக்குள் அக்காதான் இருவருக்கும் தபால்காரி ஆனாள். கப்பலிலிருந்து முதல் தடவை கூப்பிட்டபோதும், "எப்படி இருக்கே?" "இருக்கேன்." "அம்மாகிட்ட குடுக்கவா?" என்பதோடு சரி.

ஈக்கள்தான் அதை மாற்றின. ஒரு பாட்டிலில் பூஞ்சை பிடித்ததும் அத்தான் தாமே கூப்பிட்டார். வினிகரைக் கூட்டச் சொன்னான் மகன். தான் கலக்கிய கூழ் மட்டும் ஏன் எப்போதும் தண்ணீர் விட்டு நின்றது என்று அவன் கேட்க, தண்ணீரில் ஓட்ஸ் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது, பிளாஸ்டருக்கும் அதே கணக்கு என்றார் இவர். "அது எனக்குத் தெரியாதே அப்பா," என்றான் அவன். அந்தச் சொல்லை அத்தான் என்னிடம் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார். அதன் பிறகு கப்பலில் சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் ஈயைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். வேறு எதைப் பற்றியும் பேச மாட்டார்கள். ஆனாலும் பேசினார்கள்.

நன்றி என்பது கொடுத்தவரின் எண்ணத்துக்கு உரியது என்று சிலர் வாதிடுவார்கள். எண்ணமே இல்லாத ஒன்று கொடுத்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாமே தவிர, நன்றி என்ற சொல் அங்கே பொருந்தாது என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். இந்த ஈக்களைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாக இல்லை.

ஈக்களைக் கெடுத்தது அக்காவின் இரக்கம். பாட்டிலைத் துடைக்கும்போது உள்ளே ஆவி படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். பாவம், மூச்சு முட்டுமே என்று கெட்டித் துணிகளைக் கழற்றிவிட்டுப் பழைய கொசுவலையை வெட்டிக் கட்டினாள். சமையலறைப் பழக்கூடையில் திரியும் சாதாரண ஈக்களுக்கு அந்த வலைக்கண் தாராளம். உள்ளே போய் இறக்கையில்லாதவற்றோடு குடித்தனம் நடத்தின.

சில வாரம் கழித்து அத்தான் வழக்கம்போல் பாட்டிலைத் தட்டி, ஈக்களைக் கீழே இறக்கி, வாய்க்கட்டை அவிழ்த்தார். அவை அவர் முகத்தில் அப்பின.

"அத்தனைக்கும் ரெக்கை," என்றார். வலையைத் தொட்டுப் பார்த்தார். "இது யாரு?"

"நான்தாங்க," என்றாள் அக்கா. "காத்து வரட்டும்னு."

"நல்லாவே வந்திருக்கு."

தவளைக்குப் போட்ட ஈக்கள் தொட்டியைத் திறந்த மறு நொடியே விளக்கைச் சுற்றின. சம்பாதித்த பேச்சு கைவிட்டுப் போகிற பயம் அத்தானின் முகத்தில் தெரிந்தது. தவளைகளை அவன் நம்பிக் கொடுத்திருந்தான். "நீ ஒண்ணும் சொல்லாதே," என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் ஃபோனை எடுத்தார். ஸ்பீக்கரில்தான் பேசுவார்; நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஈ எல்லாம் பறக்குதுப்பா. நான்தான் துணியை மாத்திட்டேன்."

மறுமுனையில் இயந்திர இரைச்சல் கேட்டது.

"நீங்க போட்ட துணியை நீங்களே மாத்துவீங்களா?" என்றான் மகன். "கட்டில் விரிப்பையே மாத்த விடமாட்டீங்க. அம்மாதானே?"

அத்தான் என்னைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவன் தன்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"சரி விடுங்க. ரெக்கை இல்லாததும் நடுவுல இருக்கும், தேடுங்க," என்றான். "அதுவரைக்கும் இருக்கறதை ஃப்ரிட்ஜ்ல வச்சு மயங்கினதும் போடுங்க."

அப்படியே செய்தார்கள். குளிரில் மரத்த ஈ, தொட்டியின் சூட்டில் கால் உதறி எழும். எழுவதற்கும் பறப்பதற்கும் இடையில் தவளை அதைப் பிடிக்க வேண்டும். இரண்டு தவளைகள் பழகிக்கொண்டன. மூன்றாவது மந்தம். அது திரும்பிப் பார்ப்பதற்குள் ஈ மேலே போயிருக்கும். நாளாக ஆக அதன் முதுகெலும்பு தெரிந்தது.

மறுபக்கம், பனிக்கட்டி மேல் எவர்சில்வர் தட்டை வைத்து, மயங்கிய ஈக்களைக் கொட்டி, ஈறுக்கு நிறம் தீட்டும் பிரஷ்ஷால் இறக்கை இல்லாதவற்றை அத்தான் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். எதிரே அக்கா, கண்ணாடி போட்டுக்கொண்டு.

"இதுக்கு இருக்கா இல்லையா பாருங்க."

"இருக்கு. உன் விருந்தாளி. தள்ளு."

"சொல்லிக் காட்டுங்க, நல்லா சொல்லிக் காட்டுங்க."

முதல் தடவை ஒதுக்கியவற்றின் பிள்ளைகளிலும் பாதிக்கு மேல் பறந்தன. ஒதுக்குவதற்கு முன்பே அவை பறப்பவற்றோடு சேர்ந்துவிட்டிருந்தன; அதனால் மறுபடி, கூட்டை விட்டு வந்த சில மணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்கினார்கள். அந்த இரண்டாவது பாட்டிலில் பிறந்தவை எல்லாமே நடந்தன. அக்காவே கெட்டித் துணியை இழுத்துக் கட்டியிருந்தாள்.

அன்று ஈக்கள் பாசியின் மேல் அவசரமில்லாமல் நடந்தன. மந்தத் தவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நாக்கு போனதும் வந்ததும் தெரியவில்லை, ஈ இல்லை. அடுத்ததும் இல்லை. அத்தான் உடனே ஃபோன் போட்டார்.

"சாப்பிட்டுடுச்சு."

"மூணாவதா?"

"அதேதான். இப்பவும் சாப்பிடுது." தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். "நீ சாப்பிட்டியா?"



"இன்னும் இல்லைப்பா. இப்பதான் டூட்டி முடிஞ்சுது."

"முதல்ல போய்ச் சாப்பிடு. அப்புறம் பேசலாம். என்ன போடுவாங்க அங்க?"

அவன் சொல்லத் தொடங்கினான். நீளமாகச் சொன்னான். அத்தான் ஃபோனை அக்காவிடம் கொடுக்கவில்லை. அவளும் கை நீட்டவில்லை. அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நடக்கும் ஈக்களைப் பார்த்தாள்.

"இதுங்களுக்கெல்லாம் எப்படிடா நன்றி சொல்றது?" என்றாள் என்னிடம், மெதுவாக.

தெரியாது என்றேன். அவள் ஒரு பழுத்த வாழைப்பழத்தை எடுத்து உரித்து, அடுத்த பாட்டிலுக்கு மசிக்க ஆரம்பித்தாள்.