அட்டை டீச்சரின் புது அட்டைகள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் அட்டை டீச்சர். வைத்தவர் கணக்கு சார். "கையில எப்பப் பாரு அட்டை. ஆளும் அட்டை மாதிரிதான், ஒரு பிள்ளைய பிடிச்சா விடமாட்டாங்க" என்று ஆசிரியர் அறையில் ஒரு நாள் சொன்னார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்தால்தான் என்ன, வைத்த பெயரைக் கழற்றவா முடியும்? பிள்ளைகளும் வாய் நிறைய அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லித்தருவதுதான் அவள் வேலை. கடைசி பெஞ்சு என்றதும் வால் முளைத்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி பேர் வாயே திறக்காதவர்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதி எழுதியே வருஷங்களைத் தள்ளியவர்கள். கையெழுத்து மணிமணியாக இருக்கும். எழுதினதை வாசி என்றால் தலை தரையைப் பார்க்கும். புத்தகத்தைக் கண்டாலே மிரளுகிற பிள்ளையிடம் புத்தகத்தையே நீட்டி என்ன பிரயோசனம்? அதனால் அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, செருப்புக்கடையில் காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்தாள்.

பெட்டிகளை வெட்டித் தந்தது வீட்டுக்காரர். மின்விசிறி ரிப்பேர் செய்கிறவர், கைவேலை சுத்தம். ஒரு பக்கம் அவள் கொட்டை எழுத்தில் ஒரு வார்த்தை எழுதுவாள். மறுபக்கம் பெட்டியில் அச்சடித்த சிவப்பும் பச்சையும் அப்படியே இருக்கும். உடைந்த மேசைகள் போட்டு வைத்திருந்த பின்னறையை ஒழித்து, தரை முழுக்க அட்டையைப் பரப்பினாள். அவள் ஒரு வார்த்தையைச் சொன்னால் ஓடிப்போய் அதன்மேல் நிற்க வேண்டும். அது தாவல் ஆட்டம். இன்னொன்று மீன்பிடி: அட்டைக்குக் கம்பி கிளிப், குச்சியில் கட்டின நூலின் முனையில் காந்தம். மீனைப் பிடித்தவர் வாசித்தால் மீன் அவருக்கு, இல்லாவிட்டால் திரும்பக் குளத்துக்கு. கூரை பறந்துபோகிற மாதிரி சத்தம் வரும். "டீச்சர், இது வகுப்பா, சந்தையா?" என்று கணக்கு சார் எட்டிப்பார்த்துவிட்டுப் போவார்.

அந்தச் சந்தையில்தான் பஞ்சு வாயைத் திறந்தாள். சலவைக்கடையில் துணி மடிக்கிற அம்மாவின் ஒரே மகள். பேசினால் பஞ்சு விழுகிற சத்தம்தான் வரும் என்று பிள்ளைகள் வைத்த பெயர் அது. மீன்பிடியில் எல்லா மீனும் அவள் மடியில்தான் வந்து விழும். "தூக்கத்துல கூட இங்கிலீஷ் பேசுது டீச்சர், எங்க பரம்பரையிலேயே இதுதான் முதல்" என்று அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டபோது, டீச்சருக்குத் தான் பெற்ற பிள்ளையைப் புகழ்ந்த மாதிரி இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, இல்லையா.

நடுவில் ஒரு அட்டை தொலைந்தது. அதே வார்த்தையைப் புதிதாக எழுதிப் போட்டாள். பிள்ளைகள் ரொம்ப நாள் அதில் தடுக்கி விழுந்தார்கள். வார்த்தை கொஞ்சம் கஷ்டம் போல என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை ஆசிரியரான பெரிய சார் கூட்டம் போட்டார். வாசிக்க வராத பிள்ளைகளை எல்லாம் தனி வகுப்புக்கு அனுப்பப் போகிறார்களாம். தனி வகுப்பு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும், விழாவுக்கு நாற்காலி தூக்கும். அங்கே போன பிள்ளை திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

"என் பிள்ளைங்க வாசிக்கும் சார். நான் பொறுப்பு" என்றாள்.

"அப்ப நானே வந்து உக்காந்து பாக்குறேன். வாசிச்சா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார் அவர். பொல்லாதவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

பெரிய சார் வருகிறார் என்றதும் அவளுக்கு அட்டைகளைப் பார்க்கவே வெட்கமாகிவிட்டது. ஒன்றில் எண்ணெய்க் கறை ஊறி மறுபக்கம் வரை வந்திருந்தது. ஒன்றின் மூலையை யாரோ கடித்திருந்தார்கள். ஒன்று மழையில் நனைந்து பப்படம் மாதிரி வளைந்திருந்தது. "ஏங்க, இந்தக் கந்தலையா அவர் முன்னாடி விரிக்கிறது?" என்றாள். வீட்டுக்காரர் வெள்ளை அட்டை வாங்கிவந்து அளவு பிசகாமல் வெட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுகிற கவனத்தோடு எழுதினாள். "கண்ணு பட்டுடும் போ" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் பெரிய சார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தரையெல்லாம் வெள்ளை. "அம்ப்ரெல்லா" என்றாள். பஞ்சு பாய்ந்து ஓடினாள், நடுவில் நின்றுவிட்டாள். ஒரு காலைத் தூக்கினாள், கீழே வைத்தாள், சுற்றிப் பார்த்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின்மேல் ஏறினாள். அது 'ஹார்ஸ்'. அடுத்த பிள்ளையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. மீன்பிடியில் பஞ்சு ஒரு அட்டையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், மூலையைத் தடவினாள், மோந்துகூடப் பார்த்தாள்.

"டீச்சர், இது நம்ம அட்டை இல்ல" என்றாள் மெதுவாக.

டீச்சர் பெரிய சார் பக்கம் திரும்பினாள். "புதுசா இருக்கறதால பயந்துட்டாங்க சார். மத்தியானம் ஒரு தடவ, பழைய அட்டையில பாருங்க" என்று கெஞ்சினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனாலும் சரி என்றார்.

வீட்டுக்காரர் வேலையைப் போட்டுவிட்டுப் பழைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் அந்த அழுக்கு அட்டைகளைக் கண்டதும் பிள்ளைகள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தாவல் ஒன்றுகூடத் தப்பவில்லை. பெரிய சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "நீங்களே ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுங்க டீச்சர்" என்றார்.

அவள் எடுத்தாள். காட்டினாள். பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், ஒரு அட்டையை எடுத்து, என்ன வார்த்தை என்று தான் பார்த்துவிட்டு, அதைத் திருப்பாமலே தூக்கிப் பிடித்துவிட்டாள். எழுத்து அவள் பக்கமும் பெரிய சார் பக்கமும் இருந்தது. பிள்ளைகள் பக்கம் செருப்புப் பெட்டியின் பச்சையும் ஊறிவந்த எண்ணெய்க் கறையும்தான்.

"அம்ப்ரெல்லா" என்றாள் பஞ்சு, கணீரென்று.

டீச்சரின் கை அப்படியே நின்றது. அடுத்ததை வேண்டுமென்றே திருப்பாமல் பிடித்தாள். "ஹார்ஸ்" என்றார்கள் எல்லாரும். இன்னொன்று, கடிபட்ட மூலை தெரிகிற மாதிரி. "விண்டோ." தொலைந்த அட்டை ஞாபகத்துக்கு வந்தது. புதிதாக எழுதிப் போட்டதில் ஏன் தடுக்கினார்கள் என்று இப்போது புரிந்தது. இத்தனை நாளும் ஒரு பிள்ளைகூட ஒரு எழுத்தைப் பார்க்கவில்லை. கறையையும் கிழிசலையும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக. கற்றுக்கொடுத்தது யார்? அவளேதான். உட்கார்ந்து ஓவென்று அழலாம் போல இருந்தது அவளுக்கு.

பெரிய சார் எழுந்தார். "நான் சொன்னா சொன்னதுதான் டீச்சர். இங்கயே இருக்கட்டும். வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குத் தனியா ஒரு மணி நேரம், தனியா ஒரு ரூம்? நாளையில இருந்து எல்லாரோடயும் புத்தகத்தை எடுத்துட்டு உக்காரட்டும். நீங்க மூணாம் வகுப்பப் பாத்துக்குங்க."

அவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் தண்ணீர்த் தொட்டி. சொல்லாவிட்டால் நாளைக்கே புத்தகம் விரியும், யாராவது பஞ்சுவை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள், அவள் அந்தப் பக்கத்தில் கறையைத் தேடுவாள். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம். "சரிங்க சார்" என்றாள். அவர் போய்விட்டார்.

பிள்ளைகள் அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினார்கள். மணி அடித்ததும் எல்லாரும் ஓட, பஞ்சு மட்டும் எண்ணெய்க் கறை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நான் நல்லா வாசிச்சேனா? அம்மா கேப்பாங்க."

டீச்சர் அவள் தலையைத் தடவினாள்.

"நல்லா வாசிச்ச கண்ணு" என்றாள். "போய் அம்மாகிட்ட சொல்லு."